வெண்டைக்காய், தென்காசி வண்டி எப்ப வரும்

தேர் நிலைக்கு வந்து சேர்ந்த மறுவாரம், வியாழக்கிழமை காலையில், ஆலஞ்செவல் ஊரில் ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்று ஆகிப்போனது. யாரிடம் எதைக் கேட்டாலும் முதல் தடவை அவர் வாயில் என்ன வந்ததோ அதுவே அந்தக் கேள்விக்கு அவருடைய பதில் என்று நின்றுவிட்டது. அதே கேள்வியை அதே வார்த்தைகளில் மறுநாள் கேட்டாலும், மறுமாதம் கேட்டாலும், கேட்கிற ஆள் மாறினாலும், மழை வெயிலாகி வெயில் மழையாகியிருந்தாலும், முன்னால் சொன்ன அந்தப் பதிலே நாக்கில் ஏறி, சொல்பவரின் சம்மதத்துக்குக் காத்திராமல் வெளியே வந்து விழுந்தது. தானாக வாய் திறந்து பேசுகிறவர்களுக்கு ஒரு தடையும் இல்லை, காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசலாம். கேட்டால்தான் இந்தக் கதி. அப்படியும் ஊரில் பாதிப்பேர் இதைக் கவனிக்கச் சில நாட்கள் பிடித்தன, ஏனென்றால் அவர்கள் அதற்கு முன்னாலும் கேட்டதற்கெல்லாம் சொன்னதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சண்முகக்கனிக்கு இந்த நோய் பழக்கமானதுதான். மனிதர்களுக்கு வருவதற்கு முன்பே அது அவளுடைய கம்ப்யூட்டருக்கு வந்திருந்தது. எந்த வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று தட்டினால் சொல்ல வேண்டிய அந்தக் கம்ப்யூட்டர், காலையில் ஒருதரம் சொன்னதையே மத்தியானம் வரை சொல்லும். வண்டி வந்து, ஆளை ஏற்றி, புறப்பட்டுப் போய், அது கிளப்பிய புழுதியும் அடங்கின பிறகும், இன்னும் ஊருக்கு வெளியே பாலத்தில்தான் நிற்கிறது என்று சாதிக்கும். மதுரையில் இருந்த கம்பெனிக்காரரிடம் அவள் போனில் முறையிட்டாள்.

"அது சோம்பேறித்தனம் இல்லக்கா, கெட்டிக்காரத்தனம்," என்றார் அவர். "ஒருதரம் தேடினதை மறுபடி தேடவேண்டாம்னு பக்கத்துல எடுத்து வச்சுக்கிரும். அதே கேள்வியை எழுத்து மாறாமக் கேட்டீங்கன்னா, வச்சிருக்கறதையே எடுத்து நீட்டும். நீங்க ஒண்ணு செய்ங்க. கேள்வியோட சம்பந்தமே இல்லாத எதையாவது ஒட்டி விடுங்க. புதுக் கேள்வின்னு நெனச்சுப் போய்த் தேடிட்டு வந்துரும்."

அன்றிலிருந்து அவள் தென்காசி வண்டி எங்கே என்பதோடு வெண்டைக்காய் என்று சேர்த்துத் தட்டினாள், அடுத்த தடவை கத்திரிக்காய், அதற்கும் அடுத்த தடவை அவரைக்காய். கம்ப்யூட்டரும் ஒவ்வொரு காய்க்கும் ஒருதரம் எழுந்து போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தது.

அந்த வியாழக்கிழமை தென்காசி வண்டி எப்ப வரும் என்று முதலில் கேட்டவருக்கு "இப்ப வந்துரும்" என்று சொன்னாள். வண்டியும் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் அவள் வாய் "இப்ப வந்துரும்" என்றே சொன்னது. வெள்ளிக்கிழமை பத்து மணி வண்டி ஆலங்குளத்தில் அச்சு முறிந்து நின்றுவிட்டதாக எதிரே திரையில் தெரிகிறது, அவளும் அதைப் பார்க்கிறாள், சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறக்கிறாள், காற்று தள்ளிய கதவு மாதிரி உதடு தானாகத் திறந்து "இப்ப வந்துரும்" என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்கிறது. மைக்கில் தானாக அறிவித்தபோது சரியாகத்தான் வந்தது. ஆனால் ஆலஞ்செவல்காரர்கள் மைக்கில் சொல்வதை நம்புகிறவர்கள் இல்லை. மைக்கில் கேட்டதை ஜன்னலில் வந்து ஒருதரம் விசாரித்தால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். அப்படி விசாரித்தவர்களெல்லாம் சந்தோஷமாகத் திரும்பிப்போய் வெயிலில் நின்றார்கள்.

வெல்லக்கடை தாவீது அண்ணாச்சி மட்டும் திரும்பத் திரும்ப வந்தார். கருப்பட்டிச் சிப்பத்தோடு உச்சிவெயில் வரை நின்று பார்த்தவர், கடைசியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எழுத்தில் கொண்டுவர முடியாத ஒரு வார்த்தையை முன்னால் போட்டு, தென்காசி வண்டி எப்ப வரும் என்று கேட்டார். சண்முகக்கனியின் நாக்கு ஒரு நொடி தயங்கியது. பிறகு விடுபட்டது.

"வராது அண்ணாச்சி. அச்சு முறிஞ்சு ஆலங்குளத்துல நிக்கி. நீங்க சுரண்டை வண்டியில ஏறி மாறிப் போங்க."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் வாயக் கெடுத்துக்கிடுதேன்," என்றார் தாவீது.

மாதக்கணக்காக அந்தக் கம்ப்யூட்டருக்கு அவள் செய்துவந்ததை இப்போது ஒருவர் அவளுக்குச் செய்துவிட்டுப் போகிறார் என்பது புரிந்து, தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

தாவீது சும்மா இருக்கவில்லை. சுரண்டை வண்டி வருவதற்குள் தான் கண்டுபிடித்ததைப் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார், இப்படியாக அந்த வாரம் ஆலஞ்செவலில் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட இங்கே எழுத வழியில்லை. மருமகள் மாமியாரிடம் உப்பு எங்கே என்று கேட்டதும், கோயிலில் நடை எப்போது சாத்துவார்கள் என்று பக்தர்கள் கேட்டதும், ஞாயிறு பள்ளியில் டீச்சரம்மா நோவாவின் பேழையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டதும் எல்லாமே ஒரு கெட்ட வார்த்தையோடுதான் கேட்கப்பட்டன, கேட்டவர்கள் முகத்திலும் சரி கேட்கப்பட்டவர்கள் முகத்திலும் சரி ஒரு வருத்தமும் இல்லை, பதில் புதிதாக வந்ததா என்பதே எல்லாருடைய கவலையாக இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை ஒருதரம்தான் பலித்தது. அடுத்த தடவைக்கு அடுத்த வார்த்தை வேண்டும். ஊரில் இருந்த வசவுகள் ஞாயிற்றுக்கிழமையோடு தீர்ந்துபோயின. இன்ஸ்பெக்டர் பூதலிங்கம் தான் வேலைபார்த்த வெளி மாவட்டங்களிலிருந்து கொண்டுவந்தவற்றைப் பெருந்தன்மையோடு பகிர்ந்துகொண்டார், அவையும் இரண்டு நாளுக்குமேல் தாங்கவில்லை.

அதன் பிறகுதான் சேர்மன் தங்கபுஷ்பம் சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டார். அவருக்கு இது எதனால் வந்தது என்பதில் அக்கறை இல்லை, எதனால் வந்தது என்று முன்வரிசையிலிருந்து கேட்டவரையும் உட்காரச் சொல்லிவிட்டார்.

"சம்மந்தமில்லாத வார்த்த வேணும், அவ்வளவுதான. அது ஏன் அசிங்கமா இருக்கணும்," என்றார் சேர்மன். "பஸ் ஸ்டாண்டு கனி காய்கறியப் போட்டுத்தான் அந்த மிஷின ஓட்டிக்கிட்டிருக்கா. நாமளும் காய்கறியில ஆரம்பிப்போம். தீந்தா மீனு. மீனும் தீந்தா மறுபடி கூடுவோம்."

ஊர் அதற்குக் கட்டுப்பட்டது. வெண்டைக்காய் தண்ணி வந்துட்டா, புடலங்காய் உங்க அப்பா வீட்ல இருக்காரா, சேனைக்கிழங்கு இன்னைக்கு என்ன கிழமை என்று கேட்டுக்கொண்டு ஜனங்கள் தெருவில் போனார்கள், வந்தார்கள். மார்க்கெட்டில் மட்டும் கொஞ்சம் குழப்பம் நேர்ந்தது: கத்திரிக்காய் புதுசா என்று ஒருவர் கேட்டால், அவர் கத்திரிக்காயைப் பற்றிக் கேட்கிறாரா அல்லது கத்திரிக்காயைப் போட்டு வேறெதையோ கேட்கிறாரா என்று கடைக்காரருக்கு விளங்கவில்லை, ஆகவே கடைக்காரர்கள் தராசைக் கீழே வைத்துவிட்டு மீன் பெயரைப் போட்டுக் கேட்டால் மட்டும் பதில் சொல்வோம் என்று தனியாக ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முழுக்க ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று முதல் நாளே சொல்லி உறைந்துவிட்டதால், வாத்தியார் அந்த வகுப்புக்கு மட்டும் அது ஐம்பத்துநாலாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். போலீஸ் ஸ்டேஷனில் நிலைமை மோசம். நீ எடுத்தியா என்று கேட்டால் முதலில் சொன்ன இல்லையைத் தவிர எவனிடமும் வேறு பதில் இல்லை, பீர்க்கங்காய் நீ எடுத்தியா என்று கேட்டாலோ திருடர்கள் முகம் சுண்டிப்போய், ஒரு பீர்க்கங்காய்க்கு உண்மையைச் சொல்லித் தங்களைத் தாழ்த்திக்கொள்ள மனமில்லாமல் இல்லை என்றார்கள். கீழத்தெருவில் ஒரு பெண், முதலில் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பிடித்திருப்பதாகத் தலையாட்டியவள், அந்தச் சம்பந்தம் தட்டிப்போய் அடுத்தடுத்து வந்த ஒவ்வொருவருக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். தாம்பூலம் மாற்றப் போகிற நேரத்தில் அவள் அம்மா அடுக்களைக்குள் இழுத்துப்போய் ஒரு பாகற்காயைச் சேர்த்துக் கேட்ட பிறகுதான் அவள் உட்கார்ந்து அழுதாள், வந்தவர்கள் எழுந்து போனார்கள்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில் சண்முகக்கனி தன் வீட்டில் எந்த மாற்றத்தையும் காணவில்லை. அவள் புருஷன் லிங்கராசு மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று ஊரில் எங்கே சத்தம் கேட்டாலும் அது லிங்கராசுவின் ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து வருகிற சத்தம்தான், ஆனால் அந்தக் குழாய்களுக்குச் சொந்தக்காரன் கேட்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டான், கேட்டால் ஒரு வார்த்தைக்குமேல் பேசமாட்டான். என்ன யோசனை என்று கேட்டால் ஒண்ணுமில்ல. ஏன் முகம் வாடியிருக்கு என்று கேட்டால் ஒண்ணுமில்ல. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறாள், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், திரும்பி வந்து ஏன் கூப்பிட வரவில்லை என்று கேட்டு ஒண்ணுமில்ல என்ற பதிலையும் வாங்கியிருக்கிறாள். ஊருக்கு வியாழக்கிழமை வந்தது அவள் வீட்டுக்கு முகூர்த்த நாளிலேயே வந்துவிட்டதாக, பக்கத்து வீட்டு மதினியிடம் சொல்லிச் சிரித்தாள்.

மீன்கள் பாதி தீர்ந்திருந்த ஒரு நாள் காலை, தெற்குத் தெருவில் ஒரு சடங்கு வீட்டுக்குக் குழாய் கட்டப் போக வேண்டியிருந்தது. வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது, பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது, லிங்கராசு முற்றத்தில் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். சண்முகக்கனி வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தபோது வயர் பாதியில் தரையில் கிடந்தது, அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க செய்யுது?"

"ஒண்ணுமில்ல."

அது பழைய பதில் என்று அவளுக்குத் தெரியும். "முருங்கக்கா, என்னங்க செய்யுது?"

"ஒண்ணுமில்ல."

முருங்கைக்காயை எப்போதாவது போட்டிருந்தோமா என்று அவளுக்கு நினைவில்லை. சாளையைப் போட்டாள், நெத்திலியைப் போட்டாள், இதுவரை யாரும் தொடாத திருக்கையைப் போட்டாள். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. பையைக் கீழே வைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். தினமும் மைக்கில் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள், பாவூர்சத்திரம் என்ன செய்யுது, சுரண்டை என்ன செய்யுது, கடையம் என்ன செய்யுது, அம்பாசமுத்திரம் வழி பாபநாசம் என்ன செய்யுது, சங்கரன்கோவில் கழுகுமலை கோவில்பட்டி என்ன செய்யுது, என்று தென்காசியைச் சுற்றி நாலு திசையிலும் வண்டி நிற்கிற ஊர் நிற்காத ஊர் எல்லாவற்றையும் அவள் வரிசையாகச் சொல்லிக் கேட்க, அவன் ஒவ்வொரு ஊருக்கும் நின்று ஒண்ணுமில்ல என்று இறக்கிவைத்தான். இவற்றில் எது ஊரைப் பிடித்த நோய், எது இந்த மனுஷனின் குணம் என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு ஒரு வழியும் இல்லை. கேட்டுக் கேட்டு வாய் வறண்டபோது அவள் நிறுத்தினாள்.

நிறுத்திய பிறகுதான் பார்த்தாள். கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருப்பதைப் பார்த்தாள், முகம் ஈரச் சாம்பல் நிறத்தில் இருப்பதைப் பார்த்தாள், இடது கையை வலது கை ஏதோ அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கிவைத்திருப்பதுபோலப் பிடித்திருப்பதைப் பார்த்தாள். அவன் மார்பில் காதை வைத்தாள். உள்ளே சத்தம் சரியாக இல்லை.

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. ஆட்டோக்காரரும் அவளுமாக அவனைத் தூக்கி, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் குழாய்களை ஒதுக்கி உட்காரவைத்தார்கள். இறக்க நேரமில்லாததால், சடங்கு வீட்டுக்குப் போகவேண்டிய மைக்செட் முழுவதும் அவர்களோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனது.

டாக்டர் ஜெசிந்தா இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. படுக்கவைத்தவுடன் குனிந்து, "எங்கய்யா வலிக்குது?" என்று கேட்டார்.

"முட்டியில," என்றான் லிங்கராசு.

போன மாதம், ஊருக்கு இது வந்த பிறகு, ஏணியிலிருந்து சறுக்கி அவன் வந்திருந்தபோது இதே டாக்டர் இதே வார்த்தையில் கேட்டதும், அன்றைக்கு வலித்தது முட்டிதான் என்பதும் சண்முகக்கனிக்கு நினைவு வந்தது. டாக்டரின் கை பாதி வழி முட்டியை நோக்கிப் போய் நின்றது. அவர் லிங்கராசுவின் முகத்தைப் பார்த்தார், பிறகு சண்முகக்கனியின் முகத்தைப் பார்த்தார்.

"கேட்டது என் தப்பு. சட்டையக் கழட்டுங்க," என்றார்.

மார்பில் வயர்களை ஒட்டினார்கள். வாழ்க்கை முழுக்க வயர் சுற்றியவன் தன்மேல் சுற்றியிருந்த வயர்களை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அந்த மிஷின் யாரையும் எதையும் கேட்காமல் தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தது, டாக்டர் அதைக் கிழித்துப் பார்த்த கையோடு நர்சிடம் ஊசி மருந்து எடுக்கச் சொன்னார். சண்முகக்கனியை வெளியே நிற்கச் சொன்னார்கள். ஆட்டோக்காரர் சடங்கு வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். வெயில் ஏறியது. டாக்டர் வெளியே வந்து, ரத்தக்குழாயில் அடைப்பு, மருந்து ஏறியிருக்கிறது, இப்போதைக்குத் தாண்டிவிட்டார், இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து வந்திருந்தால் நான் உங்களிடம் வேறு மாதிரிப் பேசவேண்டியிருந்திருக்கும் என்று, அவள் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். கேட்காமல் கிடைத்த பதில் அவ்வளவு முழுசாக இருந்ததால் அவளுக்கு அங்கேயே அழுகை வந்தது.

மத்தியானம் வார்டுக்கு மாற்றினார்கள். தகவல் தெரிந்து ஜனங்கள் வந்தார்கள். தாவீது அண்ணாச்சி அயிரைமீனைப் போட்டு எப்படி இருக்கு என்று கேட்டார், பரவாயில்ல என்றான். சேர்மன் தங்கபுஷ்பம் தன் அந்தஸ்துக்கு ஏற்ற மாதிரி வஞ்சிரத்தைப் போட்டுக் கேட்டார், அவருக்கும் பரவாயில்ல. மதினி வந்து என்ன மீனைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சண்முகக்கனி எழுந்து எல்லாரையும் வெளியே அனுப்பினாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். இனிமேல் இந்த மனுஷனிடம் எதையும் கேட்பதில்லை என்று அவளுக்குள் ஒரு பிடிவாதம் வந்திருந்தது. கேட்பதற்கு நிறைய இருந்தது. எப்போதிலிருந்து வலித்தது, ஏன் சொல்லவில்லை, நான் யார் உங்களுக்கு, செத்துப்போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன், இவ்வளவு காலமும் வாய்க்குள்ளே என்னத்தை அடைத்துவைத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாக ஏறி வந்தது, ஒவ்வொன்றையும் விழுங்கினாள். பக்கத்துக் கட்டில் பெரியவர் தூங்கினார். நர்ஸ் வந்து பாட்டிலைப் பார்த்துவிட்டுப் போனாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் லிங்கராசுவின் காலிலிருந்து நகர்ந்து கட்டில் கம்பிக்குப் போனது. அவள் அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அந்தப் பார்வையிலும் கேள்வி வந்துவிடக் கூடாது என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன மாசத்துலருந்தே வலிக்கி," என்றான் லிங்கராசு.

அவள் அசையவில்லை.

"ஏணியில ஏறுனா வலிக்கும். எறங்கிட்டா நின்னுரும். சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு நிப்ப. இங்க வந்தா என்னமும் சொல்லிருவாங்கன்னு பயம். எங்க அய்யாவும் வயர் சுத்திக்கிட்டு இருக்கயிலதான் சாஞ்சாரு. அன்னைக்கும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாரு. நான்தான் பக்கத்துல நின்னேன்."

ஒரு மூச்சு விட்டுக்கொண்டான். முதல் முறையாக ஒரு வீட்டுக் கதவைத் திறந்தவன் உள்ளே இருந்த சாமான்களைப் பார்த்துத் திகைப்பதுபோல இருந்தது அவன் முகம். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தான். தனக்குப் பயமாக இருக்கிறது என்றான். உயரத்தில் ஏறுவதே தனக்கு ஆரம்பத்திலிருந்து பயம்தான் என்றான். அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனபோது கூப்பிடக் கிளம்பித் தெருமுனை வரை வந்து, அவள் அம்மா வாசலில் நின்றதைப் பார்த்துத் திரும்பிவிட்டதாகவும், மறுநாளும் அப்படியே ஆனதாகவும் சொன்னான். வேலை இல்லாத நாளிலும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்து டீக்கடையில் நின்று அவள் வண்டி சொல்வதைக் கேட்பான், ஆயிரம் மைக்கில் ஆயிரம் பேர் பேசிக் கேட்டிருக்கிறான், கடையம் என்ற ஊரை அவளைப்போல யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்றான்.

"இன்னொண்ணு," என்றான். "நீ வைக்கிற சுண்டவத்தல் கொழம்பு எனக்குப் பிடிக்காது. கல்யாணமான மறுநாளு பிடிச்சிருக்கான்னு கேட்ட. ஆமான்னுட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்ல."

சண்முகக்கனிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாரத்துக்கு இரண்டு தடவை அந்தக் குழம்பை அவள் வைத்தது அவனுக்காகத்தான். அவளுக்கும் அது பிடிக்காது.

பக்கத்துக் கட்டில் பெரியவர் எப்போதோ விழித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பேசாதீங்க, ஓய்வெடுங்க என்று சொல்ல வந்த நர்சும் மருந்துத் தட்டோடு அப்படியே நின்றாள். வெயில் கம்பியையும் விட்டுப் போனது. லிங்கராசு பேசிப் பேசிக் களைத்து நிறுத்தி, தலையணையில் தலையைத் திருப்பி, முதல் தடவையாக அவளை ஒன்று கேட்டான்.

"நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்," என்றது அவள் வாய். அந்தக் கேள்வியை என்றைக்கோ பஸ் ஸ்டாண்டில் யாரோ கேட்க, அன்றைக்குச் சாப்பிட்டிருந்தவள் சொல்லிவைத்த பதில் அது. காலையில் பையைக் கீழே வைத்ததிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

லிங்கராசு அவள் உதட்டைப் பார்த்தான். காய்ந்து வெடித்திருந்தது. ஒரு காயையும் மீனையும் தேடாமல், ஊசி குத்தியிருந்த கையை மெதுவாக நீட்டி, மதினி வைத்துவிட்டுப் போயிருந்த பன்னை எடுத்து, மார்பில் வைத்து இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அவள் பக்கம் நீட்டினான்.